ஏழு நாளைப் பாதியாக வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, எண்ணெய் நிலையம், பாலர் பள்ளி, துணிக்கடை, கிளினிக் என்று எங்கே நுழைந்தாலும் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் மட்டும் வேலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள், பரீட்சை முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. தோட்டத்தில் செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) எழுதும் கிராணிக்கு (எழுத்தருக்கு) விடுமுறைச் சம்பளம் பழகிப்போன கணக்கு. கடைத்தெருவில் அது இன்னும் பழகவில்லை.

"பார்ட் டைமுக்கு ஏது லீவு?" என்று கேட்கும் முதலாளியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அது சட்டத்துக்கு நேர்விரோதம், அவ்வளவுதான். சம்பளக் கணக்கு எழுதும் எங்களுக்குக் கவலை தருவது இன்னொரு வகை. கொடுக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறவர். கணக்கு இயந்திரத்தைக் கையில் எடுக்கிறவர். "பாதி நேரம் வேலை, ஆகவே பாதி விடுமுறை" என்று போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர். இந்தப் பிழை நேர்மையானவர்கள் செய்வது. அதனால் யாரும் தட்டிக் கேட்பதில்லை.

சட்டம் சொல்வது இது. மலேசியாவின் 1955 வேலைச் சட்டத்தின் கீழ் பகுதி நேர ஊழியர்களுக்கென்று தனி விதிமுறைகள் 2010-இல் வந்தன. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளன. அதன்படி ஒரு பகுதி நேர ஊழியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 7 பொது விடுமுறை நாள்கள் சம்பளத்துடன் உண்டு. ஆண்டு விடுப்பு, சேவை 2 வருடத்துக்குக் குறைவாக இருந்தால் 6 நாள், 2 வருடம் ஆனபின் 8 நாள், 5 வருடத்தைத் தாண்டினால் 11 நாள். மருத்துவ விடுப்பு அதே வரிசையில் 10, 13, 15 நாள்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். முழுநேர ஊழியரின் ஆண்டு விடுப்பு 8, 12, 16 நாள். அதில் 70 விழுக்காடு போட்டுப் பாருங்கள்: 5.6, 8.4, 11.2. முழு எண்ணாக்கினால் 6, 8, 11. மருத்துவ விடுப்பு 14, 18, 22. 70 விழுக்காடு 9.8, 12.6, 15.4, முழு எண்ணாக்கினால் 10, 13, 15. விதிமுறை வந்த ஆண்டில் முழுநேரத்தாருக்குச் சட்டம் கொடுத்த பொது விடுமுறை 10 நாள். 70 விழுக்காடு 7. பின்னர் மலேசிய தினம் சேர்ந்து முழுநேரத்தாருக்கு 11 ஆனது. ஆக, பகுதி நேரத்தாருக்கான கழிவு இந்த நாள் கணக்கிலேயே ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. 7 என்பது கழித்தபின் மிஞ்சிய எண். அதை மறுபடியும் பாதியாக்குவது, வரி பிடித்த சம்பளத்தில் இன்னொரு தடவை வரி பிடிப்பது போல.

கழிவு இன்னொரு வழியிலும் தானாகவே நடக்கிறது. நாலு மணி நேரம் வேலை செய்கிறவரின் ஒரு நாள் சம்பளம், எட்டு மணி நேரக்காரரின் ஒரு நாள் சம்பளத்தில் பாதிதான். விடுமுறைச் சம்பளமும் அந்தச் சின்ன நாளுக்குரிய தொகைதான். முதலாளிக்கு இதில் நட்டம் எங்கே?

ஓர் எடுத்துக்காட்டு. மணிக்கு 10 வெள்ளி (ரிங்கிட்), தினம் 4 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள். ஒரு நாள் சம்பளம் 40 வெள்ளி. முதல் ஆண்டில் 7 பொது விடுமுறைக்கு 280 வெள்ளி, 6 நாள் ஆண்டு விடுப்புக்கு 240 வெள்ளி, ஆக 520 வெள்ளி அவருக்குச் சேர வேண்டும். "பாதி" என்று வெட்டினால் 3.5 நாளும் 3 நாளும். 140-ம் 120-ம் சேர்ந்து 260 வெள்ளி. சரியாகப் பாதி மாயம். இப்படிப் பத்துப் பேரை வைத்திருக்கும் கடையில் ஆண்டுக்கு 2,600 வெள்ளி. (மணிக்கு 10 வெள்ளி என்பது கணக்குக்காக. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஆகஸ்ட்டு 1 முதல் எல்லா முதலாளிகளுக்கும் பொருந்துகிறது. மணிக்கூலியும் அதற்கேற்ற அளவுக்குக் கீழே போகக் கூடாது.)

இனி, யார் பகுதி நேர ஊழியர் என்ற கேள்வி. அதே நிறுவனத்தில் அதே மாதிரி வேலை செய்யும் முழுநேர ஊழியரின் வழக்கமான வேலை நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காட்டைத் தாண்டாமல், சராசரியாக வேலை செய்ய ஒப்புக்கொண்டவர். கடையில் முழுநேரத்தார் வாரத்துக்கு 45 மணி நேரம் செய்தால் எல்லைகள் 13.5 மணியும் 31.5 மணியும். 45 என்பது 2023 ஜனவரி 1 முதல் சட்டத்தின் உச்ச அளவு. அதற்கு முன் 48. பல கடைகளில் கணக்குத் தாள் இன்னும் 48-இலேயே நிற்கிறது. அதில் மேல் எல்லை 33.6 என்று வரும். 32 மணி நேரம் செய்கிறவரைப் பகுதி நேரம் என்று பழைய தாள் சொல்லும். 45-இல் போட்டால் அவர் எல்லையைத் தாண்டிவிட்டார். பாலர் பள்ளியில் முழுநேர ஆசிரியை 40 மணி நேரம்தான் செய்கிறார் என்றால் எல்லைகள் 12-ம் 28-ம். ஒரே ஊரில், ஒரே 30 மணி நேரம் செய்யும் இரண்டு பேரில் ஒருவர் பகுதி நேரம், மற்றவர் சட்டத்தின் கண்ணில் முழுநேரம் என்று ஆவது இதனால்தான். ஒப்பிட வேண்டியது பக்கத்துக் கடையை அல்ல, உங்கள் கடையில் அதே வேலை செய்பவரை.

மேல் எல்லையைத் தாண்டியவருக்கு 7-ம் 6-ம் 10-ம் போதாது. அவருக்கு 11 பொது விடுமுறை, 8 நாள் ஆண்டு விடுப்பு, 14 நாள் மருத்துவ விடுப்பு. வாரத்துக்கு 6 நாள், தினம் 6 மணி நேரம் என்று 36 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு நியமனக் கடிதத்தில் 'பகுதி நேரம்' என்று அச்சடித்தால் அந்தச் சொல்லுக்கு எந்தப் பலமும் இல்லை. 36-ஐ 45-ஆல் வகுத்தால் 80 விழுக்காடு. சாப்பாட்டுக் கடைகளில் நடக்கும் தகராறுகளில் பாதி இந்த 80 விழுக்காட்டுக்காரர்களைச் சுற்றித்தான்.

கீழ் எல்லையிலும் ஒரு நழுவல் உண்டு. விதிமுறைகள் பொருந்தாத ஒரு பிரிவினர் இருக்கிறார்கள்: தேவைப்படும்போது மட்டும், ஒழுங்கில்லாமல், அவ்வப்போது வருபவர், அதோடு வாரத்துக்கு 30 விழுக்காட்டைத் தாண்டாதவர். இரண்டு நிபந்தனையும் சேர வேண்டும். கல்யாண மண்டபத்தில் விருந்து நாளில் மட்டும் பரிமாற வருகிறவர் இதில் வருவார். வருடம் முழுக்க ஒவ்வொரு வெள்ளியும் சனியும் தவறாமல் கல்லாவில் உட்காருகிறவரை "அவ்வப்போது வருபவர்" என்று எழுதுவது பொருந்தாது.

ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்பதில்தான் கிராணிகளே தடுமாறுகிறார்கள். 26-ஆல் வகுக்கும் பழக்கம் கையில் ஊறிவிட்டது. மாதச் சம்பளக்காரருக்கு அது சரி: மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுக்கச் சட்டத்தின் 60I பிரிவு சொல்கிறது. ஆனால் மணிக்கூலி, நாள்கூலி, எடைக்கூலி வாங்குகிறவருக்கு அதே பிரிவு வேறு வழி சொல்கிறது. முந்தைய சம்பளக் காலத்தில் அவர் ஈட்டிய மொத்தச் சம்பளத்தை, அந்தக் காலத்தில் அவர் உண்மையில் வேலை செய்த நாள்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 26 அங்கே எட்டிப் பார்க்கவே கூடாது.

மேலே சொன்ன 40 வெள்ளிக்காரர் போன மாதம் 20 நாள் வேலை செய்து 800 வெள்ளி வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 800-ஐ 20-ஆல் வகுத்தால் 40. பழக்கதோஷத்தில் 26-ஆல் வகுத்தால் 30.77. 13 நாளுக்கு 520 வெள்ளி வர வேண்டிய இடத்தில் 400 வெள்ளி வரும். 26 என்பது வாரத்துக்கு 6 நாள் வேலை செய்பவரின் மாதம். 5 நாள், 3 நாள் வேலை செய்பவரின் மாதத்தில் 26 வேலை நாள் இருப்பதே இல்லை. வாரத்துக்கு 3 நாள் வருகிறவருக்கு 26-ஆல் வகுத்தால் தொகை ஏறக்குறையப் பாதியாக இறங்கிவிடும்.

நிலையான மாதச் சம்பளம் வாங்கும் பகுதி நேர ஊழியருக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. மாதம் 800 வெள்ளி என்று பேசியிருந்தால், பொது விடுமுறை வந்த மாதத்திலும் 800-ஐக் குறைக்காமல் கொடுத்தால் விடுமுறைச் சம்பளம் கொடுத்தாகிவிட்டது.

மணிக்கூலிக்காரருக்கு விடுமுறைச் சம்பளம் விட்டுப்போவதற்குக் கெட்ட எண்ணம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பஞ்ச் கார்டே போதும். விடுமுறையன்று கடை மூடியிருக்கும். கார்டில் பதிவு விழாது. மாதக் கடைசியில் மணி நேரத்தைக் கூட்டி 10-ஆல் பெருக்கினால் அந்த நாள் கணக்கிலேயே இல்லை. சம்பளத் தாளில் 'வேலை நேரம்' என்ற பத்திக்குப் பக்கத்தில் 'பொது விடுமுறை நாள்' என்று இன்னொரு பத்தி போட்டால்தான் அது கண்ணில் படும். சம்பளச் சீட்டிலும் "பொது விடுமுறை 1 நாள் × 40.00" என்று தனி வரி இருக்கட்டும். "மணிக்கூலியிலேயே எல்லாம் அடக்கம்" என்று வாயால் சொல்வது பின்னால் நிற்காது.

நாளுக்கு நாள் மணி நேரம் மாறுகிறவர்களின் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். துணிக்கடையில் செவ்வாயும் வியாழனும் 3 மணி நேரம், சனிக்கிழமை 8 மணி நேரம் என்று ஒருவர். வாரத்துக்கு 14 மணி நேரம். 45-இல் 31 விழுக்காடு. எல்லைக்கு மயிரிழை மேலே, ஆனால் உள்ளேதான். நாலு வாரச் சம்பளக் காலத்தில் 12 நாள், 56 மணி நேரம், 560 வெள்ளி. 560-ஐ 12-ஆல் வகுத்தால் 46.67. விடுமுறை சனிக்கிழமை விழுந்தாலும் 46.67, செவ்வாய் விழுந்தாலும் 46.67. சனிக்கிழமை விழுந்தால் வேலை செய்து 80 வெள்ளி வாங்கியிருக்கலாமே என்று அந்தப் பெண் கேட்பார். செவ்வாய் விழுந்தால் 30 வெள்ளி வேலைக்கு 46.67 கொடுப்பதா என்று முதலாளி கேட்பார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்: சராசரி என்றால் அப்படித்தான். நாளுக்கு நாள் மணியை எண்ணிக் கொடுப்பது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் சராசரியைவிடக் குறையும் நாளில் அது சட்டத்துக்குக் கீழே போய்விடும்.

வகுக்கும் முன் எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பது அடுத்த பொறி. ஓய்வு நாளிலும் பொது விடுமுறை நாளிலும் வேலை செய்து பெற்ற சம்பளத்தை மொத்தத்திலிருந்து நீக்க வேண்டும். அந்த நாள்களையும் நாள் எண்ணிக்கையிலிருந்து நீக்க வேண்டும். மே மாதம் ஒருவர் 13 நாள் வேலை செய்திருக்கிறார். அதில் ஒன்று தொழிலாளர் தினம். மொத்தம் 750 வெள்ளி. மே 1-க்காக மட்டும், விடுமுறைச் சம்பளமும் அன்றைய கூலியும் சேர்த்து, 150 வெள்ளி. ஜூன் மாத விடுமுறைக்குக் கணக்கிட 600-ஐ 12-ஆல் வகுக்க வேண்டும்: 50 வெள்ளி. 150-ஐ நீக்கிவிட்டு நாளை நீக்க மறந்தால் 600-ஐ 13-ஆல் வகுத்து 46.15. இரண்டையும் நீக்காவிட்டால் 57.69. முதல் பிழை தொழிலாளிக்கு நட்டம், இரண்டாவது முதலாளிக்கு. முதலாவதைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது என்று சொல்லவும் வேண்டுமா?

சம்பளம் என்ற சொல்லுக்குள்ளும் எல்லாம் அடங்காது. வேலைக்காகக் காசாகக் கொடுக்கும் அடிப்படைக் கூலியும் மற்றப் படிகளும் உள்ளே. பயணப் படி, இலவசச் சாப்பாட்டின் மதிப்பு, தங்கும் இட வசதி, ஆண்டு போனஸ் வெளியே. மோட்டார் எண்ணெய்க்காக மாதம் கொடுக்கும் 50 வெள்ளியை விடுமுறைக் கணக்கில் தேட வேண்டாம். இரவுக் காவலுக்கான ஷிப்ட் படியை முதலாளி விட்டுவிடவும் வேண்டாம். ஓவர்டைம் காசைச் சம்பளச் சீட்டில் தனி வரியில் எழுதுவது எல்லாருக்கும் நல்லது.

தோட்டத்து ஓரத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்க அரை நாள் வருகிறவர்களுக்கும் இதே வகுத்தல்தான். மூட்டைக் கணக்கில் ஒரு மாதம் 18 நாளில் 900 வெள்ளி ஈட்டியிருந்தால் ஒரு நாள் 50 வெள்ளி. "மூட்டைக்குத்தான் காசு, மூட்டை இல்லாத நாளுக்கு ஏது காசு" என்று கொந்திராக்காரர் (ஒப்பந்தக்காரர்) சொல்வது எடைக்கூலிக்கும் விடுமுறைச் சம்பளம் உண்டு என்பதை மறைக்கிற பேச்சு. ஆனால் இங்கே ஒப்புக்கொண்ட வேலை நேரம் எழுத்தில் இல்லாவிட்டால் 30 விழுக்காட்டை நிரூபிப்பதே பெரும்பாடு. பிரட்டுக் களத்தில் (காலையில் தொழிலாளர்கள் கூடும் இடத்தில்) பேர் கூப்பிடும் நேரத்தையும் களம் விட்டு வெளியேறும் நேரத்தையும் தினம் எழுதி வைக்க வேண்டியது தொழிலாளியின் வேலை. கடைக்கடன் எழுதும் சின்ன 555 நோட்டுப் புத்தகம் கடனுக்கு மட்டுமா?

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பகுதி நேர விடுமுறைச் சம்பளம் என்று தட்டினால் 12.07 விழுக்காடு என்ற எண் வந்து நிற்கும். அது பிரிட்டன் கணக்கு. அங்கே ஆண்டுக்கு 5.6 வார விடுமுறை. 52 வாரத்தில் அதைக் கழித்தால் 46.4, 5.6-ஐ 46.4-ஆல் வகுத்தால் 12.07 விழுக்காடு. நேரம் ஒழுங்கில்லாமல் வேலை செய்பவர்களுக்காக அங்கே அதைப் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டுச் சட்டம் வாரத்தை எண்ணுவதில்லை, நாளை எண்ணுகிறது. இந்த வேறுபாடு சின்னதல்ல. இங்கே 7-ம் 6-ம் சேர்ந்து 13 நாள். வாரத்துக்கு 3 நாள் வருகிறவருக்கு அது நாலு வாரத்துக்கும் மேல். வாரத்துக்கு 5 நாள் வருகிறவருக்கு இரண்டரை வாரத்துக்குச் சற்றே அதிகம். குறைந்த நாள் வருகிறவருக்கு வார அளவில் கூடுதல் கிடைப்பது கோணலாகத் தெரியலாம்; முதலாளிகளின் முணுமுணுப்புக்கு இது ஒரு காரணம். கோணலாக இருந்தாலும் சட்டம் அதுதான். அந்தக் கோணலைக் கடைக்காரர் தன் கணக்கு இயந்திரத்தில் நிமிர்த்த முடியாது.

இதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று உண்டு. விடுமுறை, அவர் வேலைக்கு வராத நாளில் விழுந்தால்? அந்த 7 நாளில் தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம் ஆகியவை இருந்தே ஆக வேண்டும். மற்றவை முதலாளி தேர்ந்தெடுப்பவை. செவ்வாய், வியாழன், சனி வேலை செய்யும் துணிக்கடைப் பெண்ணின் 2025-ஐப் பாருங்கள். தொழிலாளர் தினம் வியாழக்கிழமை, சரி. மாமன்னர் பிறந்தநாள் ஜூன் 2, திங்கள். தேசிய தினம் ஞாயிறு. பேராக் சுல்தான் பிறந்தநாள் நவம்பர் முதல் வெள்ளி. நாலில் மூன்று அவருடைய வேலை நாளிலேயே இல்லை. தீபாவளியும் அவ்வாண்டு திங்கட்கிழமை. முதலாளி இதைப் பார்த்து, "அன்று நீ எப்படியும் வர மாட்டாய், ஆகவே ஒன்றும் இல்லை" என்றால் 7 நாள் என்பது வெறும் 3 நாளாகச் சுருங்கிவிடும்.

எங்கள் வாசிப்பில், 7 என்பது தொழிலாளிக்குச் சேர வேண்டிய எண்ணிக்கை. அது நாள்காட்டியோடு விளையாடும் சீட்டாட்டம் அல்ல. வேலை நாளில் விழாத விடுமுறைக்குப் பதிலாக வேறொரு வேலை நாளை இரு தரப்பும் பேசி மாற்றிக்கொள்ளலாம். முழுநேரத்தாருக்குச் சட்டமே இப்படி மாற்றிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறது. ஓய்வு நாளில் விழுந்தால் அடுத்த வேலை நாள் விடுமுறை; ஆண்டு விடுப்பிலோ மருத்துவ விடுப்பிலோ இருக்கும்போது விழுந்தால் இன்னொரு நாள். நல்ல முதலாளி செய்யக் கூடியது ஒன்றுண்டு. தான் தேர்ந்தெடுக்கும் நாள்களை அந்த ஊழியரின் வேலை நாளில் விழுகிற மாதிரி எடுப்பது. அதே 2025-இல் தைப்பூசம் செவ்வாய், மலேசிய தினம் செவ்வாய், கிறிஸ்துமஸ் வியாழன், நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் செவ்வாய். தேடினால் கிடைக்கிறது. எப்படியானாலும் அதை நியமனக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்: "வேலை நாளில் வராத பொது விடுமுறைக்கு அடுத்த வேலை நாள் ஈடாகக் கொடுக்கப்படும்." இந்த ஒரு வரி இல்லாத கடிதங்களால்தான் டிசம்பரில் சண்டை வருகிறது.

கடை மூடியிருப்பதும் சம்பள விடுமுறையும் ஒன்றல்ல. நம் கடைத்தெருவில் தீபாவளிக்கு மூன்று நாள் கதவு மூடியிருக்கும். பட்டியலில் தீபாவளி இல்லாவிட்டால் மணிக்கூலிக்காரருக்கு அந்த மூன்று நாளும் வெறும் கை. அதற்குத்தான் பட்டியலை ஆண்டு பிறக்கும் முன்பே கேட்டு வாங்க வேண்டும். முழுநேரத்தாருக்கு, கட்டாய நாள்கள் போக மீதமுள்ளவற்றை ஆண்டு தொடங்கும் முன் வேலையிடத்தில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது சட்டம். அதே தாளில் பகுதி நேரத்தாரின் 7 நாளையும் எழுதினால் ஒரு தாள் செலவு மிச்சம்.

விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலோ அடுத்த வேலை நாளிலோ அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல் வராதவருக்கு விடுமுறைச் சம்பளம் இல்லை என்ற விதி சட்டத்தின் 60D பிரிவில் இருக்கிறது. இதைச் சிலர் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். விதி சொல்வது வேலை நாள். நாள்காட்டியில் முந்தைய நாள் அல்ல. 2025 மே 1 வியாழன். துணிக்கடைப் பெண்ணின் முந்தைய வேலை நாள் ஏப்ரல் 29 செவ்வாய்; அடுத்த வேலை நாள் மே 3 சனி. புதன்கிழமை அவர் வரவில்லை என்று சொல்லி வெட்டினால், வேலையே இல்லாத நாளுக்கு அவர் வரவில்லை என்று வெட்டியதாகும். எம்.சி. (மருத்துவச் சான்றிதழ்) எடுத்து வராமல் இருந்தவரும் காரணமில்லாமல் வராதவர் ஆக மாட்டார்.

விடுமுறையன்று வேலைக்கு அழைத்தால் எத்தனை மடங்கு என்பது வேறு கணக்கு; இங்கே இழுத்தால் இதுவும் அதுவும் குழம்பும்.

ஆண்டு விடுப்பு இதைவிட எளிது. ஒரே முதலாளியிடம் 12 மாதம் நிறையாதவருக்கு, முடித்த மாதங்களுக்கு ஏற்ற விகிதம். அரை நாளுக்குக் குறைந்தது தள்ளுபடி. அரை நாளும் அதற்கு மேலும் ஒரு நாள். வேலைச் சட்டத்தின் 60E பிரிவு சொல்லும் கணக்கு இது. 6 நாள் உரிமை உள்ளவர் 7 மாதம் முடித்திருந்தால் 3.5, அது 4 நாள் ஆகும். 4 மாதம் என்றால் 2 நாள். முடித்த மாதம் என்பதைக் கவனியுங்கள். 7 மாதம் 25 நாள் என்றாலும் 7 தான். வேலையை விட்டு நிற்கும்போது எடுக்காத விடுப்பை இப்படிக் கணக்கிட்டுக் கேட்கலாம்; பலர் கேட்பதில்லை, கடைசிச் சம்பளம் வந்ததே போதும் என்று போய்விடுகிறார்கள்.

விடுப்பு நாளை மணி நேரமாக மாற்றிச் சேமிக்கும் முதலாளிகளும் உண்டு: 6 நாளை 8 மணி நேர நாளாக எண்ணி 48 மணி நேரம் என்பார், கேட்க இனிமையாக இருக்கும். பிறகு அதையே 4 மணி நேரக்காரருக்கு 24 மணி நேரம் என்று சுருக்கி, அதையும் 8-ஆல் வகுத்து 3 நாள் என்பார். இந்தச் சுற்று எல்லாம் தேவையில்லை. அவர் வேலைக்கு வர வேண்டிய ஒரு நாள் வராமல் இருந்தால் ஒரு நாள் விடுப்பு. மூன்று மணி நேர நாளானாலும் ஒன்றுதான், எட்டு மணி நேர நாளானாலும் ஒன்றுதான்.

11 மாதத்துக்கு ஒருமுறை புதுக் கடிதம் கொடுத்து, "இன்றுதான் சேர்ந்தாய்" என்று 6 நாளிலேயே நிறுத்தி வைக்கும் வித்தையும் நடக்கிறது. மறுநாளே அதே கல்லாவில் அதே ஆள் உட்கார்ந்திருந்தால் சேவை தொடர்ந்ததா அறுந்ததா என்பதை யாரும் பார்த்துச் சொல்லலாம். பழைய கடிதங்களைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். அவற்றில்தான் 8 நாளும் 11 நாளும் இருக்கின்றன.

தாள்களைப் பற்றிக் கடைசியாக. ஊழியர் பதிவேட்டை முதலாளி 6 வருடம் வைத்திருக்க வேண்டும். சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் வந்துவிட வேண்டும். விடுமுறைச் சம்பளம் விட்டுப்போனால் முதலில் கிராணியிடமோ முதலாளியிடமோ எழுதிக் கேளுங்கள்: எந்த மாதம், எந்த விடுமுறை, முந்தைய மாதம் எத்தனை நாள், எவ்வளவு ஈட்டியது, வகுத்தால் எவ்வளவு. ஐந்து வரி போதும். கணக்கைத் தாளில் பார்த்தவுடன் திருத்திக் கொடுப்பவர்களே அதிகம். அதற்கும் மசியாவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். சட்டத்தின் 69 பிரிவின் கீழ் இலாகா விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல முடியும். போகும்போது நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், மணி நேரம் எழுதிய 555 நோட்டு, அவ்வாண்டு ஒட்டிய விடுமுறைப் பட்டியலைக் கைப்பேசியில் எடுத்த படம், வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்த தாள் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். படம் எடுக்க ஜனவரி முதல் வாரமே நல்ல நேரம். அதற்குப் பிறகு பட்டியலின் மேல் காலண்டரை மாட்டிவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கு எழுதுவோர் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்